நான் வாங்காத கடன்

(சந்தாபுரா பகுதி அங்கத்தினர்களின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மற்ற ஊர் அங்கத்தினர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே பிரசுரிக்கப்படுகிறது.)



இந்தக் கூட்டத்தில் பேசவேண்டும் என்று நம் காரியதரிசி கேட்டபோது, "கடனைப் பற்றிப் பேசட்டுமா?" என்றேன். "ருண விமோசன ஸ்தோத்திரமா மாமா? பேஷாப் பேசுங்கோ" என்றார். ஏறக்குறைய அதுதான் என்று சொல்லி வைத்தேன். அவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

தேவ ருணம், ரிஷி ருணம், பித்ரு ருணம் என்று மூன்று கடன்களோடு பிறக்கிறோம் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 2025 மே மாதம், இதே சந்தாபுராவில், ஒரு வங்கி மேலாளரின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது, எனக்கு மேலும் மூன்று கடன்கள் இருப்பதாகத் தெரியவந்தது.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். ரசாயனத்தில் பி.எஸ்சி. தேறியது 1971-ல். 1973-ல் மத்திய அரசின் தணிக்கைத் துறையில் சேர்ந்தேன். 2011 மே 31 அன்று ஓய்வு. உண்மையான பிறந்த நாள் ஐப்பசியில். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் ஜூன் 1 என்று போட்டுவிட்டார். இதைக் காரணமாகத்தான் சொல்கிறேன், பிறகு வரும். மகனுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்பதால் 2014-ல் நாங்களும் சென்னையை விட்டு இங்கே வந்துவிட்டோம். அப்போது சந்தாபுரா சர்க்கிளைக் கடப்பதே ஒரு யாத்திரை. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ வந்திருக்கிறது, கொஞ்சம் பரவாயில்லை.

சர்வீஸில் இருந்தபோது பண்டிகை அட்வான்ஸ், ஸ்கூட்டர் அட்வான்ஸ், வீடு கட்ட அட்வான்ஸ் எல்லாம் வாங்கினவன்தான். அவையெல்லாம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். வெளியில் ஒரு பைசா கடன் வாங்கியதில்லை என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அந்தப் பெருமைதான் எனக்கு வினையாக வந்தது.

2025 ஆரம்பத்தில் என் மகனுக்கு வேலை போயிற்று. இன்று நம் வீடுகளில் இதைச் சொல்லக் கூச்சப்படவேண்டியதில்லை. பேத்தி இஞ்சினியரிங் இரண்டாம் வருஷம். ஜூன் 10-க்குள் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கட்டவேண்டும். கையிருப்பெல்லாம் ஃப்ளாட்டில் போட்டாயிற்று. எனக்குப் பென்ஷன் வரும் வங்கியில் பென்ஷன் லோன் கிடைக்கும், வயது வரம்பும் தாண்டவில்லை. ஆகவே வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வங்கியில் கடன் கேட்டுப் போய் உட்கார்ந்தேன்.

மேலாளர் என் பேத்தியைவிடப் பத்து வயது பெரியவளாக இருப்பாள். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள். முகம் மாறிற்று. திரையை என் பக்கம் திருப்பி, "அங்கிள், மூணு அக்கவுண்டில் பாக்கி காட்டுதே" என்றாள். மூன்றும் சிவப்பில் இருந்தன. ஸ்கோர் 561.

முப்பத்தெட்டு வருஷம் மற்றவர்களுடைய கணக்கில் ஆட்சேபணை எழுதினவன் நான். அன்றைக்கு என் கணக்கில் ஆட்சேபணை. தப்புச் செய்யாதவனுக்குத் தைரியம் வரவேண்டும் அல்லவா? வரவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் கேட்டிருப்பாரோ என்றுதான் முதலில் திரும்பிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி கேட்ட கேள்வி: "ஏன்னா, போன வருஷம் துவாதசி அன்னிக்கு ஒரு மெசேஜ் வந்துதே, அது இதுதானோ?"

அதேதான். 2024 ஆகஸ்டில், பாரணை முடித்துச் சாய்ந்திருந்த நேரத்தில், இன்ன நிதி நிறுவனம் உங்கள் கடன் அறிக்கையைப் பார்த்திருக்கிறது என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. நான்தான் இப்படிப்பட்ட செய்திகளெல்லாம் பொய், தொடாதீர்கள் என்று அபார்ட்மெண்ட் முழுக்கப் பிரசாரம் செய்பவன் ஆயிற்றே. உடனே அழித்துவிட்டேன். நூறு பொய்ச் செய்திகளுக்கு நடுவில் வந்த ஒரே உண்மைச் செய்தி அது.

இந்த அறிக்கை என்பது என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன். ஒருவர் ஒரு வங்கியில் வாங்கிய கடன் இன்னொரு வங்கிக்குத் தெரியாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. அதைத் தீர்க்க 2000-ஆம் ஆண்டில் சிபில் ஆரம்பிக்கப்பட்டது. 2005-ல் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது. இப்போது நான்கு நிறுவனங்கள்: டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க். நாம் பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் சிபில் என்கிறோம், ஆனால் நான்கும் தனித்தனிப் பேரேடு. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்புவதை இவர்கள் பதிந்துகொள்கிறார்கள். 2025 ஜனவரியிலிருந்து மாதம் ஒருமுறை என்பது போய், பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது விவரம் அனுப்பவேண்டும் என்று ஆயிற்று. இதிலிருந்து 300 முதல் 900 வரை ஒரு மார்க் போடுகிறார்கள்.

நாம் அங்கே கணக்குத் திறக்கவில்லை, கையெழுத்துப் போடவில்லை. இருந்தாலும் நம் பெயரில் ஒரு பக்கம் இருக்கிறது. கடனே வாங்காதவனுக்கு அந்தப் பக்கத்தைப் பார்க்கவேண்டும் என்று தோன்றாது. திருடனுக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்? மாதாமாதம் தவணை கட்டுகிறவன் எப்போதாவது எட்டிப் பார்ப்பான். என்னைப்போல "எனக்குத்தான் கடனே கிடையாதே" என்று இருப்பவனுடைய வீடு பூட்டியே கிடக்கும்.

அறிக்கையை வரவழைத்து மேஜைமேல் வைத்துக்கொண்டேன். அன்றிரவு காலேஜ் லேபரட்டரிதான் நினைவுக்கு வந்தது. தெரியாத உப்பு ஒன்றைப் பொட்டலத்தில் கொடுப்பார்கள், இன்னது என்று கண்டுபிடிக்கவேண்டும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் வெள்ளையாக வீழ்படிவு வந்தால், அவசரக்காரன் உடனே வெள்ளி என்று எழுதிவிடுவான். ஈயமும் வெள்ளையாகத்தான் விழும். வெந்நீரில் கரைகிறதா பார்க்கவேண்டும், கரைந்தால் ஈயம். அதற்குப் பிறகும் உறுதிச் சோதனை உண்டு. திரையில் மூன்றும் ஒரே சிவப்பாக இருந்ததால் மூன்றும் மோசடி என்று என் மகன் குதித்தான். ஒவ்வொன்றாக வெந்நீரில் போட்டுப் பார்ப்போம் என்றேன்.

முதலாவது, 2019-ல் எடுத்த இருசக்கர வாகனக் கடன். விலாசம் சேலம் ஜில்லாவில் ஒரு கிராமம். பெயர் என் பெயர், பிறந்த தேதி என் தேதி. ஆனால் பான் எண் இருக்கவேண்டிய இடம் காலி, வாக்காளர் அட்டை எண் மட்டும் இருந்தது, அது என்னுடையது அல்ல. இது திருட்டு அல்ல, பெயர்க் குழப்பம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கே. வெங்கடராமன் என்று ஆயுசு முழுக்கக் கையெழுத்துப் போட்டவரைப் பான் விண்ணப்பம் விடாது, இனிஷியலை விரித்து எழுது என்னும். ஒரு இடத்தில் கிருஷ்ணன் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டுவதோ ஆளுக்கொரு விதம். அதோடு அந்தக் காலத்து வாத்தியார்கள் ஊர் முழுக்கப் பிள்ளைகளுக்கு ஜூன் 1 என்று பிறந்த தேதி கொடுத்துவைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பாவம், என்ன செய்யும்? சேலத்து வெங்கடராமனையும் நங்கநல்லூர் வெங்கடராமனையும் ஒருவராக்கிவிடும். (வெங்கடராமன் என்பது உதாரணம்தான், என் பெயர் அது இல்லை என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.)

இரண்டாவதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. சென்னையில் இருந்தபோது ஒரு கடை வாசலில் டை கட்டிய பையன் ஒருவன் வற்புறுத்தி வாங்க வைத்த கிரெடிட் கார்டு. இரண்டு முறை உபயோகித்தேன், பீரோவில் போட்டேன். ரத்து செய்யவில்லை. வீடு மாறினேன், செல் நம்பரும் மாறிற்று. முதல் சில வருஷம் இலவசம் போலிருக்கிறது. அப்புறம் வருஷக் கட்டணம் 500, வரியோடு 590. அது வட்டியும் அபராதமுமாக 7,000 சொச்சம் ஆகியிருந்தது. கடிதங்களெல்லாம் பழைய விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. இதில் யாரும் என்னை ஏமாற்றவில்லை.

மூன்றாவதுதான் அசல். 2024 ஆகஸ்டில் ஒரு செல்போன் செயலி மூலம் வாங்கிய 8,000 ரூபாய். ஒரு தவணைகூடக் கட்டவில்லை. பான் எண் என்னுடையது. செல் நம்பர் என்னுடையது அல்ல. அறிக்கையின் கடைசியில் "விசாரணைகள்" என்று ஒரு பகுதி உண்டு, யார் யார் எந்தத் தேதியில் நம் அறிக்கையைக் கேட்டார்கள் என்று இருக்கும். பலபேர் அதுவரை புரட்டுவதில்லை. அந்தத் துவாதசித் தேதி அங்கே அப்படியே இருந்தது. பாக்கி கேட்டு ஏன் ஒரு செய்திகூட எனக்கு வரவில்லை என்பதும் அப்போது புரிந்தது. அவையெல்லாம் கடன் வாங்கியவன் கொடுத்த நம்பருக்குப் போயிருக்கின்றன. அறிக்கையைப் பார்த்தார்கள் என்ற அந்த ஒரு செய்திதான் பழைய பதிவில் இருந்த என் நம்பருக்கு வந்திருக்கிறது.

என் பான் எண் எங்கிருந்து போயிற்று? சிம் கார்டு கடை, ஜெராக்ஸ் கடை, கல்யாண மண்டபம், ஊர் ஊராக லாட்ஜ். எத்தனை இடத்தில் நகல் கொடுத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன், இருபதுக்கு மேல் எண்ண முடியவில்லை. இன்றுவரை தெரியாது.

நகல்கூட வேண்டியதில்லை என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. ஜி.எஸ்.டி. எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலம். கர்நாடகாவுக்கு 29, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அந்த நபரின் பான் எண்ணேதான். ஜி.எஸ்.டி. எண்ணோ இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும். 2023-ல் டெல்லிப் போலீஸார் ஐந்து பேரைக் கைது செய்தார்கள். தோனி, அபிஷேக் பச்சன் போன்றவர்களின் பான் எண்ணை இப்படி எடுத்து, தங்கள் படத்தை ஒட்டி, பூனா நிறுவனம் ஒன்றிடம் கிரெடிட் கார்டு வாங்கிவிட்டார்கள். நிறுவனத்துக்கு 21 லட்சத்துக்கு மேல் நஷ்டம். இதில் என்னை உலுக்கிய விஷயம் வேறு. வீடியோவில் சரிபார்க்கும்போது, உங்களுக்கு என்னென்ன கடன் உண்டு என்பது போலக் கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் சரளமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். காரணம், அந்தப் பிரபலங்களின் சிபில் விவரங்களை முன்பே எடுத்துப் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். நம் அறிக்கையை நாம் படிப்பதில்லை, அவர்கள் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படிக்கிறார்கள். அதற்கு முந்தின வருஷம், 2022 ஏப்ரலில், ராஜ்குமார் ராவ் என்ற இந்தி நடிகர் தன் பான் எண்ணில் யாரோ 2,500 ரூபாய் கடன் வாங்கிவிட்டதாகவும், தன் ஸ்கோர் பாதிக்கப்பட்டதாகவும் பகிரங்கமாக எழுதினார். நடிகருக்கே 2,500 என்றால் எனக்கு 8,000 கொடுத்தது ஒரு விதத்தில் கௌரவம்தான்.

நிற்க. என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

டெலிபோனில் யாரிடமும் பேசவில்லை. ஆடிட் ஆபீஸில் கற்றது, எழுத்தில் இல்லாதது நடக்காதது. மே 20 அன்று நான்கு அறிக்கை நிறுவனங்களுக்கும், கடன் கொடுத்ததாகச் சொல்லும் மூவருக்கும் தனித்தனியாக எழுதினேன். இரண்டு பக்கமும் எழுதவேண்டியது அவசியம். கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் அறிக்கை நிறுவனம் தானாக ஒரு வரியைக்கூட மாற்றாது. முப்பது நாளுக்குள் தீர்க்கவேண்டும் என்பது விதி. இதில் கடன் கொடுத்தவருக்கு 21 நாள். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது, 2024 ஏப்ரலிலிருந்து அமல். அதோடு கூடவே வந்த இன்னொரு உத்தரவால்தான் அந்தத் துவாதசிச் செய்தியும் எனக்கு வந்தது.

சேலத்துக் கடன் 26-ஆம் நாள் என் பக்கத்திலிருந்து நீங்கிற்று. அந்த மனிதர் யாரோ, அவர் பக்கத்தில் என்னுடையது ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்ததோ என்னவோ. முகம் தெரியாத ஜூன் 1 சகோதரருக்கு என் வாழ்த்துகள்.

கார்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பாதித் தொகையைக் கட்டிவிடுங்கள், "செட்டில்" பண்ணிக்கொள்ளலாம் என்று போனில் தேனாகப் பேசுவார்கள். அறிக்கையில் "செட்டில்டு" என்று விழுந்தால் பாக்கியை முழுதும் கட்டாதவன் என்று அர்த்தம், வருஷக்கணக்கில் தொடரும். "குளோஸ்டு" என்றுதான் வரவேண்டும், பாக்கி இல்லை என்ற சான்றிதழும் வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் உபயோகிக்காத கார்டை, தகவல் சொல்லிவிட்டு மூடுவதற்கு வங்கியே நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று 2022-ல் விதி வந்திருக்கிறது. அதைக் காட்டி எழுதினேன். கட்டணங்களைத் தள்ளுபடி செய்து மூடிவிட்டார்கள்.

செயலிக்காரர்கள்தான் இழுத்தடித்தார்கள். ஓ.டி.பி. சரியாகக் கொடுக்கப்பட்டது, ஆகவே கடன் உங்களுடையதே என்று பதில். நான் வாதாடவில்லை. மூன்று விவரம் மட்டும் கேட்டேன்: எந்த செல் நம்பர், எந்தப் புகைப்படம், பணம் எந்த வங்கிக் கணக்கில் போயிற்று. கடைசிக் கேள்விதான் உறுதிச் சோதனை. இப்படிச் செயலி மூலம் கொடுக்கும் கடன், வாங்குபவரின் வங்கிக் கணக்கிலேயே நேராகச் சேரவேண்டும் என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி செய்திருக்கிறது. கணக்கு என்னுடையது இல்லை என்றால் கடனும் என்னுடையது இல்லை.

நடுவில் போலீஸில் புகார் கொடுக்கப் போனேன். "உங்க பணம் எவ்வளவு போச்சு யஜமானரே?" என்று ஏட்டு கன்னடத்தில் கேட்டார். ஒன்றும் போகவில்லை என்றேன். "அப்புறம் என்ன புகார்?" அவரைக் குறை சொல்ல முடியாது, எனக்கே விளக்கத் தெரியவில்லை. மத்திய அரசின் சைபர் குற்றத் தளத்தில் பதிவு செய்து, அந்த எண்ணைக் கொண்டுபோய்க் காட்டியதும் ரசீது கொடுத்தார். பணமே போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யவேண்டும், அது வேறு விஷயம்.

இதற்குள் ஜூன் 10 வந்துவிட்டது. அறிக்கை சுத்தமாகாமல் பென்ஷன் லோன் நகராது. என் மனைவி உள்ளே போய் நாலு வளையலைக் கழற்றிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். "யாரோ வாங்கின எட்டாயிரத்துக்கு என் வளையல் போறது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நகைக் கடனுக்கு ஸ்கோரை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை, ஒரு மணி நேரத்தில் பணம் கிடைத்தது. என் அறிக்கையில் நானே அறிந்து கையெழுத்துப் போட்ட முதல் கடன் அதுதான்.

முப்பது நாள் முடிந்தும் செயலி நிறுவனம் அசையவில்லை. ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மனிடம் போகிறேன், நகல் இணைத்திருக்கிறேன் என்று எழுதினேன். அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். அறிக்கை நிறுவனங்களும் 2022 செப்டம்பரிலிருந்து அதன் வரம்புக்குள் வந்துவிட்டன. அந்தக் கடிதத்துக்குப் பிறகு சுறுசுறுப்பாகிப் படத்தை அனுப்பினார்கள். தாடி வைத்த முப்பது வயதுப் பையன். என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "நம்ம கல்யாணத்துலகூட உங்களுக்கு இவ்வளவு முடி இல்லையே" என்றாள். வங்கிக் கணக்கும் வேறு யாருடையதோ. 41-ஆம் நாள் அந்த வரி நீங்கிற்று. பதினோரு நாள் தாமதத்துக்கு 1,100 ரூபாய் என் கணக்கில் வந்து சேர்ந்தது. வளையல் நவம்பரில் மீண்டது. அதுவரை கட்டிய வட்டி அதைவிட அதிகம்.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் பெண், "அப்பா, ஃப்ரீஸ் பண்ணிடுங்கோ" என்று சுலபமாகச் சொன்னாள். அங்கே 2018-லிருந்து யார் வேண்டுமானாலும் தன் அறிக்கையை இலவசமாகப் பூட்டி வைக்கலாம். மோசடி எச்சரிக்கை என்று ஒரு குறிப்பும் போட்டுவைக்கலாம், ஒரு வருஷம் செல்லும். 2017-ல் ஈக்விஃபாக்ஸில் சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரம் களவு போனபின் வந்த ஞானம் அது. உங்கள் பிள்ளைகள் அங்கே இருந்தால் செய்துவிட்டார்களா என்று கேளுங்கள். இங்கே நமக்கு 2023-ல் கிடைத்தது பூட்டு அல்ல, மணி. மணி அடித்தால் கேட்கவேண்டும். அதற்கு நம் இப்போதைய செல் நம்பர் வங்கியில் இருக்கவேண்டும். உண்மையான செய்தி தகவல் மட்டும் சொல்லும். அதில் எந்த இணைப்பையும் தொடவேண்டாம். அறிக்கை நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டி உள்ளே போய்ப் பாருங்கள்.

2017-லிருந்து ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்று விதி. தளத்தில் பணம் கட்டும் பொத்தான் பெரிதாகவும் இலவசம் சிறிதாகவும் இருக்கும், நிதானமாகத் தேடினால் கிடைக்கும். நாமே பார்த்தால் ஸ்கோர் குறைந்துவிடும் என்பது வீண் பயம். நிறுவனங்கள் நான்கு, நம் சங்கத்தின் இதழும் வருஷத்துக்கு நான்கு. இதழ் வரும்போதெல்லாம் ஒன்றை வரவழைத்துவிடுங்கள். நானும் என் மனைவியும் இப்போது அப்படித்தான் செய்கிறோம். அவள் அறிக்கையில் ஒன்றுமே இல்லை, வெள்ளைத்தாள். அதையும் பார்க்கத்தான் பார்க்கிறோம்.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருப்பவர்களுக்காக, மாதத்தின் முதல் ஞாயிறு மாலை நாலு மணிக்கு எங்கள் அபார்ட்மெண்ட் ஹாலில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பேன். கடிதம் எழுதவும் கூட இருந்து உதவுகிறேன். செல்போன், மூக்குக்கண்ணாடி, பான் கார்டு மூன்றும் எடுத்து வாருங்கள். ஜெராக்ஸ் வேண்டாம்.